கரையேறும் கலங்கள்

நுழையும்முன்

ஆழ்கடலின் அலைகளை ஆண்டுக்கணக்கில் தாங்கும் படகு, கரையேறும் சில நிமிடங்களில் சிதைவுறுவதுண்டு. கடலில் செல்லும் கலை எத்துணை நுட்பமானதோ, கலத்தைக் கரைசேர்த்துக் காக்கும் கலையும் அத்துணை நுட்பமானது.

நீர் தாங்கும் முறை

மிதக்கும் படகைத் தாங்குவது நீர். மூழ்கியிருக்கும் அடிப்பரப்பு முழுவதும் நீரின் அழுத்தம் பரவி நிற்பதால், படகின் எடை ஓரிடத்தில் குவிவதில்லை. நிலத்திலோ நிலைமை வேறு. அதே எடை இரண்டு மூன்று தாங்கிகளின்மீது மட்டும் இறங்குகிறது. தாங்கி சிறிதாக இருப்பின், உள்ளங்கை அளவுள்ள இடம் பல நூறு கிலோகிராம் சுமையை ஏற்க நேரிடும். படகின் அடிப்பகுதி கரையில் பழுதுறுவதற்கு இதுவே முதற்காரணம்.

படகின் அடிமரத்தைத் தமிழர் ‘எரா’ என்றனர். அது கலத்தின் முதுகெலும்பு. ஆகவே, கரையில் நிறுத்தும்போது எடையின் பெரும்பகுதி எராவின்மீதே அமைதல் வேண்டும். பக்கத் தாங்கிகள் படகு சாயாமல் காப்பதற்கு மட்டுமே உரியவை. அவற்றை இறுக்கிச் சுமையேற்றினால் பக்கச்சுவர் உட்குழியும். உள்ளே குறுக்குச் சட்டங்கள் அமைந்த இடங்களுக்கு நேர்க்கீழே தாங்கிகளை வைப்பதே முறை.

மரமும் கண்ணாடியிழையும்

மரக்கலத்தில் பலகைகளின் இணைப்புகளே முதலில் தளரும். தளர்ந்த இடுக்கு வழியே நீர் கசிவதால் பழுது விரைவில் வெளிப்பட்டுவிடும். இன்று தமிழகக் கடற்கரையில் மிகுந்து காணப்படும் கண்ணாடியிழைப் படகுகளின் இயல்பு மாறுபட்டது. இழைவிரிப்புகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காகப் படிய வைத்து அவை உருவாக்கப்படுகின்றன. ஓரிடத்தில் மிகுசுமை அழுத்தும்போது உள்ளடுக்குகள் ஒன்றைவிட்டொன்று பிரிகின்றன. வெளியே மயிரிழை போன்ற கீறல் மட்டுமே தெரியும். சில வேளைகளில் அதுவும் தெரியாது.

மறைந்திருக்கும் இப்பழுதைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோலப் படகின் அடிப்பகுதியைச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். உறுதியான இடம் தெளிவாக ஒலிக்கும். அடுக்குப் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

தூக்கும்போது

கிரேன் எனப்படும் பாரந்தூக்கியால் தூக்கும்முன் வலை, பனிக்கட்டி, எரிபொருள் ஆகியவற்றை இறக்கிவிட வேண்டும். அடித்தளத்தில் தேங்கிய நீரையும் வெளியேற்ற வேண்டும். நூறு லிட்டர் கடல்நீர் நூறு கிலோகிராமுக்குச் சற்று மிகுதியான எடையுடையது. படகு சாயும்போது அந்நீர் ஒருபுறமாக ஓடிச் சாய்வை மேலும் பெருக்கும்.

கயிறும் சங்கிலியும் அடிப்பரப்பை அறுக்குமாதலால் அகன்ற பட்டைகளையே பயன்படுத்துதல் நன்று. படகின் எடைமையம் இரு பட்டைகளுக்கும் இடையே அமைய வேண்டும். சுழல்விசிறித் தண்டின்மீதோ சுக்கான்மீதோ பட்டை படுதல் கூடாது. பட்டைகள் செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றும் பாதி எடையைத் தாங்கும். அவை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை அளவே சரிந்து நின்றால், ஒவ்வொன்றின் இழுவிசையும் படகின் முழு எடைக்குச் சமமாகிவிடும். இவ்விசை படகின் விளிம்புகளை உள்நோக்கி நெரிக்கவும் கூடும். எனவே, மேலே குறுக்குச் சட்டம் பொருத்திப் பட்டைகளை அகற்றிப் பிடிக்கின்றனர். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தியதும் நிறுத்திச் சமநிலையைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. தொங்கும் படகின்கீழ் எவரும் நிற்றல் ஆகாது.

இழுக்கும்போது

இழுவண்டியில் ஏற்றும் படகை நீண்ட, மெத்தையிட்ட கட்டைகள் தாங்கினால் சுமை பரவும். ஒருசில உருளைகள் மட்டும் தாங்கினால் சுமை குவியும். பொறி பொருத்திய பின்பகுதி தாங்கியின்றி நீட்டிக்கொண்டிருந்தால், வண்டி குலுங்கும்போதெல்லாம் அப்பகுதி வளையும். மேலும், வண்டியின் பின்புறம் சுமை மிகுந்தால் வண்டி பக்கவாட்டில் அலைபாயும். ஆகவே, மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு முன்புற இணைப்பின்மீது அமையுமாறு ஏற்றுவர்.

மணலில் டிராக்டரால் இழுக்கும்போது, அணியத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள உறுதியான வளையத்தில் கயிற்றைப் பூட்டி நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுப்பது எராவை முறுக்கும். அடியில் உருளைக் கட்டைகளை இட்டால் மணலின் உராய்வு குறையும். கட்டுமரத்திற்கோ இத்தொல்லை இல்லை. கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே சுமந்துசென்று உலர்த்திவிடலாம்.

காலமும் கவனமும்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலமாகும். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்க ஏற்ற காலம் இதுவே. இக்காலத்தில் ஆர அமர்ந்து பணிசெய்ய இயலும். புயல் எச்சரிக்கை வரும்போதோ படகுகளை விரைந்து மேட்டுநிலத்திற்கு ஏற்ற நேரிடுகிறது. அவ்விரைவில் நேரும் தவறுகளே மிகுதி. தாங்கிகளும் பட்டைகளும் முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பின் அவற்றைத் தவிர்க்கலாம்.

கரையில் புறக்கணிக்கப்பட்ட கீறல், கரை கண்ணுக்கெட்டாத தொலைவில் அலை மோதும்போது வாய்பிளக்கும். அங்கே பழுதுபார்க்கத் தச்சரும் இல்லை. கால் ஊன்ற நிலமும் இல்லை. ஆதலால், படகின் அடிப்பகுதியைக் காத்தல் உடைமையைக் காத்தல் மட்டுமன்று. அதில் செல்லும் உயிர்களைக் காத்தலும் ஆகும்.