எந்த அணி நம் அணி?

நோர்வூட்டில் மழைக்காலத்து மாலை என்றால், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து எழும் மூடுபனி லயத்து வாசல்வரை வந்து நிற்கும். கொழுந்து நிறுத்துத் திரும்பிய பெண்கள் அடுப்பு மூட்டும் அவ்வேளையில், சுவராணியில் தொங்கும் டிரான்சிஸ்டர் வானொலியை இறக்கி மடியில் வைத்துக்கொள்வார் என் தந்தையார். கிரிக்கெட் வர்ணனை நடக்கும் நாளாயின் அவரை யாரும் அழைத்தலாகாது. வர்ணனை சிங்களத்தில் வரும், ஆங்கிலத்திலும் வரும். இரண்டையும் அவர் அரைகுறையாகவே அறிவார். ஆயினும் கூட்டத்தின் ஆரவாரம் அவருக்கு நன்றாக விளங்கும்.

இதில் வியப்பென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். எந்த நாட்டின் அணிக்காக அவர் மூச்சைப் பிடித்துக் கேட்டாரோ, அந்த நாட்டின் குடிமகனாக அவர் அந்நாளில் இல்லை. பிறந்தது இதே தோட்டத்தில்தான். எனினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. தந்தையாரும் சித்தப்பாவும் இந்தியக் குடியுரிமைக்கே மனுச் செய்தனர். சித்தப்பா தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலைக்கமர்ந்தார். தந்தையார் இன்று, நாளை என்றிருக்க, 1984இல் கப்பலே நின்றுபோயிற்று.

அணியின் வரலாறும் காத்திருப்பின் வரலாறே. 1975இல் முதல் உலகக் கிண்ணப் போட்டியில், லண்டன் ஓவல் மைதானத்தில், ஆஸ்திரேலியரான ஜெஃப் தொம்சனின் பந்து பட்டு துலீப் மெண்டிஸும் சுனில் வெத்தமுனியும் மருத்துவமனைக்குச் சென்றனர். அப்படியும் அணி 4 விக்கெட் இழப்புக்கு 276 ஓட்டங்கள் எடுத்தது. டெஸ்ட் ஆடும் உரிமை 1981இல்தான் கிடைத்தது. 1982 பெப்ரவரியில் கொழும்பில் இங்கிலாந்துடன் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது.

1992இல் முத்தையா முரளிதரன் அணிக்கு வந்தார். பின்னாளில், 2010இல், 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் விடைபெற்ற அவருடைய பாட்டனார், 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். இது தெரிந்தபின் அவர் எங்கள் லயத்துப் பிள்ளையாகிவிட்டார். 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் அவர் பந்தை ஏழு முறை 'நோபோல்' என்றார் என்ற செய்தியை மாலையில் கேட்டோம். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம பய விடமாட்டான், மறுபடியும் போடுவான்" என்றார்.

1996 மார்ச் 13. உலகக் கிண்ண அரையிறுதியில் கல்கத்தாவில் இலங்கையும் இந்தியாவும் மோதின. இந்தியா 8 விக்கெட் இழந்து 120 ஓட்டங்களோடு தத்தளிக்க, பார்வையாளர் செய்த கலகத்தால் ஆட்டம் நின்று, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. நான்கு நாள் கழித்து லாகூரில் அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்கள் குவித்து ஆட்டமிழக்காது நின்றார். கிண்ணம் இலங்கைக்கு வந்தது. லயத்தில் தகரம் தட்டி ஆடினார்கள்.

சில வாரங்களில் கூடலூரிலிருந்து கடிதம் வந்தது. "அண்ணே, இந்தியா தோற்றதென்று என் பிள்ளைகள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. ஆனால் முரளி பெயரைக் கேட்டபோதெல்லாம் நோர்வூட் ஞாபகம் வந்து வெளியே எழுந்து போனேன். எனக்கு எது நம்ம அணி? நீங்கள்தான் எழுத வேண்டும்."

தந்தையார் பல நாள் பதில் எழுதவில்லை. ஒருநாள் என்னை அழைத்து எழுதச் சொன்னார்: "தம்பி, பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடு. முரளி போடும்போது மட்டும் எனக்காகக் கேள்."

2003ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னரே தந்தையாருக்கும் இலங்கைக் குடியுரிமை கிட்டிற்று. சான்றிதழைப் பெட்டியில் அக்கடிதத்தின் மேலேயே வைத்தார். "இப்பத்தான் நமக்கு அணி சொந்தம்" என்றேன் நான், விளையாட்டாக.

"இதத் தராட்டி மட்டும் கேக்காம விட்டிருப்பேனா?" என்று கூறி, வானொலியைத் திருகினார்.