டீசலா, பெட்ரோலா: கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 காசு

பழைய கார் வாங்கப் போனால் “டீசல் எடுங்க, லாபம்” என்பார்கள். 2012-இல் அது முழு உண்மை. அந்த மே மாதக் கடைசியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2024 மார்ச் விலைக்குறைப்புக்குப் பின் சென்னையில் பெட்ரோல் 100.75, டீசல் 92.34. 2012-இல் டெல்லியில் 32 ரூபாயாக இருந்த இடைவெளி சென்னையில் 8.41 மட்டுமே.

2018 மாடல் ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் சொன்ன மைலேஜ் பெட்ரோலுக்கு 22, டீசலுக்கு 28.4. ஊருக்குள் ஓடும் பழைய வண்டிக்கு 15, 20 என்று வைப்பதே நியாயம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 6.72, டீசல் 4.62. மிச்சம் 2.10. அதில் எரிபொருள் விலையால் வருவது 42 காசுதான், மீதி 1.68 டீசல் இன்ஜின் கொடுக்கும் மைலேஜால் வருவது.

டீசல் வண்டிக்கு 75,000 ரூபாய் கூடுதல் விலை, சர்வீஸுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் வருடம் 8,000 கூடுதல் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். மாதம் 500 கி.மீ. ஓட்டினால் வருட மிச்சம் 12,600. 8,000 போக 4,600. கூடுதலாகக் கொடுத்ததை எடுக்க 16 வருடம். விற்கும்போது 30,000 கூடுதலாகக் கிடைத்தாலும் ஏறக்குறைய 10 வருடம். மாதம் 1,000 என்றால் கையில் நிற்பது 17,200, நாலரை வருடம். 1,500 என்றால் 29,800, இரண்டரை வருடம்.

இது எந்தப் பெரிய செலவும் வராத கணக்கு. இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் ஆகியவற்றில் ஒன்று போய் 40,000 இழுத்தால், 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு நாலரை வருடம் ஆறே முக்கால் ஆகிவிடும். அதனால் மாதம் 1,000-க்குள் ஓட்டுபவர் பெட்ரோல்தான் எடுக்க வேண்டும் என்பேன். 1,500-ஐத் தாண்டினால் தயங்காமல் டீசல்.

பெட்ரோல் பக்கமும் ஒரு செலவு உண்டு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு எத்தனால் தரும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் 5 சதவீதம் இறங்கினால் கிலோமீட்டருக்கு 35 காசு ஏறும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் வருடம் 4,200.

மாருதி 2020 ஏப்ரலில் டீசலை நிறுத்திவிட்டதால் டீசல் ஸ்விஃப்ட் எல்லாமே அதற்கு முந்தியவை. ஏழு வருட டீசல் வண்டியின் ஓடோமீட்டர் 40,000 காட்டினால் மாதம் 480 கி.மீ.கூட இல்லை. அவ்வளவு குறைவாக ஓட்டக் கூடுதல் பணம் கொடுத்து டீசல் வாங்குவது அபூர்வம். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள்; வரி தேய்ந்து வழவழத்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். காலையில், இன்ஜின் சூடாகும் முன் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

மற்ற நிறுவனங்களின் 2020-க்குப் பிந்தைய, பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால்தான் கரி எரிந்து வெளியேறும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் எடுத்தால் அடைத்துக்கொள்ளும்.

டெல்லிப் பதிவு டீசல் வண்டிகள் மலிவாக வருவதற்கு அங்கே டீசல் வண்டிகளுக்கு விதித்த 10 வருட வயதுக் கட்டுப்பாடு முக்கியக் காரணம். அந்த ஊர் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய ஆயுள் வரி இரண்டையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, அந்தத் தொகையை வண்டி விலையோடு கூட்டிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.