குடும்பத்தை அன்பு செய்த ஓர் உழவர்



தந்தை, தாய், பிள்ளைகளைவிடத் தம்மையே மேலாக அன்பு செய்ய வேண்டும் என்று இயேசு கேட்பதை வாசிக்கும்போதெல்லாம் நமக்குள் ஒரு தயக்கம் எழுகிறது. பிள்ளைகுட்டி உள்ளவர்களால் இது முடியுமா? துறவியருக்கு மட்டும் சொன்னதோ? இக்கேள்விக்குத் தம் வாழ்வால் பதில் தந்த ஓர் உழவரை இன்று நினைவுகூர்வோம். அவர் ஆஸ்திரியா நாட்டு அருளாளர் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர்.

1907ஆம் ஆண்டு மே 20 அன்று சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். உயர்கல்வி கற்றவர் அல்லர். பிறவியிலேயே புனிதரும் அல்லர். இளமையில் அடிதடிக்கு அஞ்சாதவர். அந்த ஊருக்கு முதன்முதலாக மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தவர் என்றும் சொல்வார்கள். திருமணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானார்; அந்த மகளோடுள்ள உறவைப் பின்னாளிலும் அவர் கைவிடவில்லை.

1936ஆம் ஆண்டு, பெரிய வியாழனன்று, ஃபிரான்சிஸ்காவை மணந்தார். புதுமணத் தம்பதியர் உரோமைக்குத் திருப்பயணம் சென்றார்கள். இருவரும் சேர்ந்து செபித்தார்கள், விவிலியம் வாசித்தார்கள். மூன்று பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். உழவு, கால்நடை, பிள்ளைகள் என்று நாள் முழுதும் வேலை இருந்தும் ஃபிரான்ஸ் அன்றாடத் திருப்பலியைத் தவறவிடவில்லை. தம் பங்கு ஆலயத்தில் கோவில்பிள்ளையாகவும் பணி செய்தார். ஏழைகளின் வீடுகளுக்கு உணவுப்பொருள்களைச் சுமந்து சென்றார்.

1938ஆம் ஆண்டு ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதற்கு ஒப்புதல் கேட்டு ஏப்ரல் 10 அன்று வாக்கெடுப்பு நடந்தது. அந்த ஊரில் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தவர் ஃபிரான்ஸ் ஒருவரே. நாத்சி அரசு தந்த குடும்ப உதவித்தொகையையும் அவர் ஏற்கவில்லை. தீமை என்று மனம் உணர்ந்த ஒன்றிடமிருந்து ஆதாயம் பெறுவதும் அதற்கு உடந்தையாவதே என்பது அவரது தெளிவு.

இராணுவத்தில் சில மாதப் பயிற்சி பெற்றுத் திரும்பிய பிறகு, மற்ற நாடுகளைப் பறிக்கும் அநீதியான போரில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்ற முடிவுக்கு வந்தார். ஊரார் தடுத்தனர். உறவினர் கெஞ்சினர். லின்ஸ் மறைமாவட்ட ஆயரைச் சந்தித்தபோது அவரும் குடும்பத்துக்குரிய கடமையையே நினைவூட்டினார். அன்பர்களே, இதுதான் அவரது சோதனையின் கடுமை. அவரைத் தடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவருடைய நலனை விரும்பியவர்கள். அவர்கள் காட்டிய காரணமும் அவர் உயிராய் நேசித்த குடும்பமே.

1943 மார்ச் 1 அன்று எண்ஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்று, போரிட மறுப்பதாகச் சொன்னார். காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளிக்கும் பணியைச் செய்யத் தயார் என்றும் தெரிவித்தார், அது ஏற்கப்படவில்லை. சிறையிலிருந்த அவருக்கு வீட்டிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ‘அப்பா, சீக்கிரம் வாருங்கள்’ என்ற பொருளில் எழுதிய அட்டையைப் பிடித்தபடி மூன்று மகள்களும் அதில் நின்றார்கள். மூத்தவளுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை. ஒரு தகப்பனின் நெஞ்சுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டுமா? ஜூலை 6 அன்று பெர்லினில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டு உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 36.

அப்படியானால் அவர் குடும்பத்தைக் கைவிட்டாரா? இதற்கு ஃபிரான்சிஸ்காவின் வாழ்வே பதில். மனம் மாறும்படி முதலில் அவரும் வேண்டினார். தானும் எதிர்த்தால் கணவருக்குத் துணை யாருமில்லை என்று உணர்ந்தபோது அவர் பக்கம் நின்றார். கணவர் இறந்தபின் நிலத்தை உழுது பிள்ளைகளை வளர்த்தார். ஆலயத்தில் கணவர் செய்த பணியைத் தாமே ஏற்றார். கணவரைக் கெடுத்தவள் என்ற பழிச்சொல்லையும் சுமந்தார். போரில் கணவரை இழந்த மற்றப் பெண்களுக்குக் கிடைத்த உதவித்தொகை அவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ஸ் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, 94 வயது ஃபிரான்சிஸ்கா தம் மகள்களோடு அங்கே இருந்தார்.

சகோதர சகோதரிகளே, பிள்ளைகளுக்குச் சோறு போடுவது தந்தையின் கடமை. எது சரி, எது தவறு என்று வாழ்ந்து காட்டுவதும் அதே கடமைதான். “குடும்பத்துக்காகத்தான்” என்று சொல்லி நாம் எத்தனை பொய்க்கணக்கில் கையெழுத்திடுகிறோம்! எத்தனை அநீதிகளைக் கண்டும் வாய்மூடி இருக்கிறோம்! அப்படிச் சேர்த்துவைக்கும் சொத்தோடு, அச்சத்தையும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறோம்.

ஃபிரான்சின் துணிவு நீதிமன்றத்தில் திடீரென்று பிறந்ததன்று. வயலிலும், வீட்டுச் செபத்திலும், அன்றாடத் திருப்பலியிலும் ஆண்டுக்கணக்கில் விளைந்தது அது. இன்று மாலை குடும்பமாகச் சேர்ந்து செபிப்போம். நம் வீட்டில் யாராவது ஒருவர் மனச்சான்றின்படி நடக்கத் துணிந்தால், அவரைத் தடுக்காமல் துணைநிற்கும் அருளை ஆண்டவரிடம் கேட்போம். ஆமென்.