வளர்ச்சிக்கு இடும் கட்டளை

இரத்தினபுரி, மொனராகலை மாவட்டங்கள் சந்திக்கும் உடவளவைக் காட்டிலே 2013ஆம் ஆண்டில் விந்தையான களிறு ஒன்று காணப்பட்டது. தலையும் உடலும் முழுவளர்ச்சி பெற்றவை. கால்களோ மிகக் குறுகியவை. தன்னிலும் உயரமான களிறொன்றோடு அது மோதியதையும் ஆய்வாளர் பதிந்து வைத்துள்ளனர்.

நேயர்களே, அந்த யானையைப் பிறவிக் குறையுடையது என்கிறோம். தோட்டத்து லயத்தில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளையைக் கண்டாலும், “பரம்பரைக் குட்டை; தாயும் அப்படித்தானே” என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒன்றாகா.

முலையூட்டிகளின் உடலிலே ஒரு கலம் இன்னொரு கலத்துக்கு “பெருகுக” என்று அனுப்பும் தூதே வளர்ச்சிக் காரணி. அது ஒரு புரதம். அதனை ஆக்கும் குறிப்பு நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகில் உண்டு. அவ்வலகுடன் கட்டுப்பாட்டுப் பகுதிகளும் உள்ளன. எந்தக் கலத்தில், எப்பொழுது, எவ்வளவு ஆக்குவது என்பதை அவையே தீர்மானிக்கும். தொழிற்சாலையிலே பொறி ஓரிடத்திலும் ஆளி வேறோர் அறையிலும் இருப்பதுபோல, இப்பகுதிகள் சில வேளைகளில் அலகிலிருந்து வெகுதொலைவில் அமைந்திருக்கும்.

மனிதரிடையே உடல் வளர்ந்து கைகால் குறுகும் நிலை பெரும்பாலும் குறிப்பிலேயே நேரும் மாற்றத்தால் விளைவது. எலும்பின் நுனியிலுள்ள குருத்தெலும்பில், வளர்ச்சிக் காரணியின் செய்தியைப் பெற்று வளர்ச்சியைத் தணிக்கும் ஏற்பி ஒன்றுண்டு. அதன் பரம்பரையலகில் ஓரெழுத்து மாறினால் அந்தத் தடை ஓயாமல் வேலை செய்யும். இது 1994இல் கண்டறியப்பட்டது.

எழுத்து மாறாமலே வளர்ச்சி குன்றுவதும் உண்டு. இன்சுலின்போன்ற இரண்டாம் வளர்ச்சிக் காரணியைப் பாருங்கள். கருவிலிருக்கும் சிசுவில், தந்தை வழிவந்த பிரதியே பெரிதும் வேலை செய்யும். தாய் வழிவந்தது வாளாவிருக்கும். தாயின் நிறமூர்த்தத்திலே அலகுக்கும் ஆளிக்கும் நடுவே ஒரு புரதம் அமர்ந்து வழிமறிக்கிறது. தந்தையின் நிறமூர்த்தத்தில் அவ்விடத்தை மெதைல் கூட்டங்கள் மூடியிருப்பதால் அப்புரதத்துக்கு இருக்கை இல்லை. பழுதான பிரதியைத் தந்தையிடம் பெற்ற சுண்டெலிக் குட்டிகள் வழமையான நிறையில் ஏறத்தாழ 60 வீதமே இருந்தன என்று 1991இல் காட்டினர். தாயிடம் பெற்றவை வழமைபோலவே வளர்ந்தன!

பிறந்தபின் முதன்மை பெறுவது முதலாம் காரணி. கபச்சுரப்பியின் வளர்ச்சி ஓமோன் ஈரலை அடைந்து, அங்கே அக்காரணியின் பரம்பரையலகை இயக்குகிறது. ஆனால் ஈரல் இன்னொன்றையும் பார்க்கிறது: உணவு வந்ததா? புரதமும் சக்தியும் குறைந்தால், ஓமோன் மிகுந்திருந்தாலும் ஈரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. இருக்கும் சிறிதளவு உணவை உயிர் காக்கச் செலவிட்டு, எலும்பின் வளர்ச்சியை ஒத்திவைக்கிறது. அடிக்கடி நோய் வந்தாலும் அப்படியே. சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் செலவு பிள்ளையின் உயரம்.

உயரத்திலே பரம்பரைக்குப் பங்கில்லை என்று நான் கூறவில்லை. எனினும் 2016ஆம் ஆண்டின் நாடளாவிய சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்றோர் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர், தோட்டங்களில் 32 பேர் என்று கண்டது. “தாயும் குட்டை” என்கிறோமே, அந்தத் தாய் வளர்ந்ததும் பெரும்பாலும் அதே லயத்தில், அதே அடுப்படியில்தான்.