ஒரு லாரி, மூன்று கட்டடங்கள், 1971

ஹெட்போன் இருக்கிறதா? மாட்டிக்கொள்ளுங்கள். லெட் ஸெப்பலினின் நாலாவது ஆல்பம், கடைசிப் பாட்டு, ‘வென் த லெவி பிரேக்ஸ்’. முதல் சில விநாடிகள் போதும். குரல் வரவில்லை, கிதார் வரவில்லை, வெறும் டிரம்ஸ். அடி விழுந்த பிறகு அந்தச் சத்தம் எங்கோ மேலே ஏறிப் போய்விட்டுத் திரும்பி இறங்குகிறது, கேட்கிறதா? அது மாடிப்படி! நிஜமான மாடிப்படி! இது தெரிந்த நாளிலிருந்து இந்தப் பாட்டை என்னால் உட்கார்ந்துகொண்டு கேட்க முடிவதில்லை.

எந்த மாடிப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் வாசலில் நிற்கும் லாரியைப் பார்த்துவிடுங்கள். இன்றைய கதையின் நாயகன் அதுதான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் மொபைல் ஸ்டுடியோ. ஸ்டுடியோவில் மணிக்கணக்குப் பார்த்து வாடகை கொடுப்பானேன், ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரின் ஸ்டார்க்ரோவ்ஸ் பங்களாவிலேயே ரெக்கார்டிங் வைத்துக்கொள்ளலாமே என்று கிளம்பிய யோசனை அது. வீட்டுக்குள் கருவிகளைக் கொண்டுபோவதற்குப் பதிலாக ஒரு லாரிக்குள் முழுக் கன்ட்ரோல் ரூமையும் கட்டிவிட்டார்கள். உள்ளே ஹீலியோஸ் மிக்ஸிங் கன்சோல், டேப் மெஷின், ஸ்பீக்கர்கள், நாலு பேர் தோளோடு தோள் இடிக்க நிற்க இடம். ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கேபிளை விட்டால் ரெக்கார்டிங் தயார். யோசனை இயன் ஸ்டூவர்ட்டுடையது. எல்லோருக்கும் ஸ்டூ. ஸ்டோன்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர், பியானோக்காரர். 1963-ல் மேனேஜர் அவரை மேடை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார். ஸ்டூ கோபித்துக்கொண்டு போகவில்லை. குழுவின் வண்டியை ஓட்டினார், சாமான்களைப் பார்த்துக்கொண்டார், தோன்றியபோது பியானோ வாசித்தார். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

இப்போது 1971-க்கு வாருங்கள். என்ன ஆண்டு அது! வருஷத் தொடக்கத்தில் லாரி இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், ஹெட்லி க்ரேன்ஜ் வாசலில் நிற்கிறது. திக்கற்ற ஏழைகளை வைத்து வேலை வாங்குவதற்காக 1795-ல் கட்டிய பெரிய வீடு. குளிரும் ஈரமும் சுவரில் ஊறிக் கிடக்கும். முன்கூடத்திலிருந்து மூன்று மாடி உயரத்துக்குப் படிக்கட்டு ஏறுகிறது. அந்தப் படிக்கட்டின் அடியில் ஸெப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹமின் டிரம்ஸ். மேலேயிருந்து தொங்குவது இரண்டே மைக், பேயர் எம் 160. அவ்வளவுதான்! சாதாரணமாக டிரம்ஸுக்கு மைக்கை மூக்குக்குக் கீழே வைப்பார்கள். இங்கே சத்தம் கூடம் முழுக்கச் சுற்றி, படியேறி, மூச்சுவாங்கிக்கொண்டு மைக்கிடம் வந்து சேர்கிறது. வெளியே லாரிக்குள் இஞ்சினியர் ஆண்டி ஜான்ஸ் அதைக் கம்ப்ரஸரில் போட்டு நெருக்குகிறார், பின்ஸன் எக்கோரெக் என்கிற எதிரொலிப் பெட்டியையும் சேர்க்கிறார். பிறகு டேப்பின் வேகத்தைக் குறைத்தார்கள், மொத்தப் பாட்டும் கனத்துப்போய் இறங்கியது. யார் யோசனை என்று கேட்டால் ஸெப்பலின் கிதார்காரர் ஜிம்மி பேஜ் ஒரு கதை சொல்வார், ஆண்டி ஜான்ஸ் வேறொரு கதை சொல்வார். இருவரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

1927-ல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்து ஊர்களை அடித்துக்கொண்டு போனதைப் பற்றி கான்ஸஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929-ல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டுதான் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டுக்கு மூலம். வெள்ளம் வருகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அந்த டிரம்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. உலகமே ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ என்று உருகட்டும், எனக்கு அந்த ஆல்பத்தின் உச்சம் இதுதான். சொர்க்கத்துக்குப் போகிற படிக்கட்டைவிட ஹாம்ப்ஷயர் படிக்கட்டு உசத்தி!

கோடை வருகிறது. லாரி கடல் தாண்டிப் போய் தெற்கு பிரான்ஸில் வில்ஃப்ராஞ்ச் என்ற கடலோர ஊரில், ஸ்டோன்ஸ் கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்த நெல்கோட் மாளிகையின் வாசலில் நிற்கிறது. பிரிட்டிஷ் வரிக்கு அஞ்சி ஸ்டோன்ஸ் மொத்தமாக பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். மேலே பளிங்குத் தூண்கள், ரெக்கார்டிங்கோ நிலவறையில். புழுக்கம் தாங்காமல் கிதார் கம்பிகள் சுருதி விட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். சின்னச் சின்ன அறைகள், ஒருவர் ஓர் அறையில், அடுத்தவர் வேறோர் அறையில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. லாரியில் யார் தெரியுமா? அதே ஆண்டி ஜான்ஸ்! ‘வென்டிலேட்டர் ப்ளூஸ்’ என்ற பாட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே நிலவறையின் அற்பக் காற்றோட்டத்தால்தான். ‘ஹேப்பி’ பாட்டில் பாதிக் குழு இல்லவே இல்லை. கீத் பாடி, கிதாரும் பேஸும் தானே வாசிக்க, பாபி கீஸ் சாக்ஸஃபோன் எடுக்க, தயாரிப்பாளர் ஜிம்மி மில்லரே டிரம்ஸில் உட்கார்ந்துவிட்டார்.

லாஸ் ஏஞ்சலஸில் மெருகேற்றி 1972 மே மாதம் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ வந்தது. இரண்டு எல்பி, 18 பாட்டுகள். சத்தம் கலங்கலாக இருக்கிறது, குரல் அமுங்கிக் கிடக்கிறது என்பவர்கள் உண்டு. ஜாகருக்கே அந்த மிக்ஸிங் பிடிக்காது. எனக்கு அந்தக் கலங்கல்தான் உயிர். நிலவறைக் கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்க்கிறோம், உள்ளே புகை, வியர்வை, யாரோ வாசிக்கிறார்கள். துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தால் அந்தக் கதவு எனக்குத் திறந்திருக்குமா?

டிசம்பர். லாரி சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரை மோன்ட்ரூவில். டீப் பர்ப்பிள் ராக் குழுவினர் அங்குள்ள கேசினோவில் ரெக்கார்டிங் செய்ய வந்திருக்கிறார்கள். டிசம்பர் 4, அதே கேசினோவில் ஃப்ராங்க் ஸப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கட்டடம் எரிந்து போனது. மோன்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கிய க்ளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியேற்றினார். ஏரிமேல் புகை படர்ந்ததை டீப் பர்ப்பிள் பார்த்துக்கொண்டிருந்தது. சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது பேஸ் கிதார்காரர் ரோஜர் க்ளோவர் வாயில் ஒரு தலைப்பு. ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’!

அந்தப் பாட்டின் இசை பதிவானது பெவிலியன் என்ற அரங்கில். சத்தம் தாங்காமல் ஊர்க்காரர்கள் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே குழுவின் உதவியாளர்கள் டேக் முடியும்வரை கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்! கிதார் கற்கிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் வாசித்துப் பார்க்கிற அந்த ரிஃப் அப்படிப் பிறந்தது.

அங்கிருந்து துரத்தப்பட்டு, குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழிக்குப் போனார்கள். எதிரொலியை அடக்க மெத்தைகள். வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறைகள், பால்கனி எல்லாம் கடந்து வெளியே லாரிக்கு நடக்க வேண்டும். ‘எதற்கு, நன்றாகத்தான் வந்திருக்கும்’ என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். அங்கே பதிவான ‘ஹைவே ஸ்டார்’ ஏன் மூச்சுவிடாமல் பாய்கிறது என்று இப்போது புரிகிறதா? அப்படி உருவான ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தின் ஓட்டத்துக்குக் காரணம் அந்த நீண்ட நடைதான் என்று அடித்துச் சொல்வேன்.

லாரி இன்று கனடாவின் கால்கரியில், நேஷனல் மியூசிக் சென்டரில் இருக்கிறது. ஒருநாள் போய் அதன் கதவைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதுவரை ஹெட்போனைக் கழற்றாதீர்கள். மறுபடி ஸெப்பலின் நாலு, இரண்டாவது பாட்டு, ‘ராக் அண்ட் ரோல்’. வேறு பாட்டு சரியாக வராமல் பான்ஹம் சும்மா அடித்த ஓர் அடியிலிருந்து ஹெட்லி க்ரேன்ஜில் குபீரென்று கிளம்பிய பாட்டு. கிதார் இரைச்சலுக்கு அடியில் ஒரு பியானோ துள்ளிக்கொண்டிருக்கிறது, பிடித்துவிட்டீர்களா? அதுதான் ஸ்டூ. லாரியோடு வந்தவர், பியானோவிலும் உட்கார்ந்துவிட்டார்.