இருவருக்கு அஞ்சலி

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியைப் பற்றிப் பக்தர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனியில் நந்திதேவருக்குத் திருக்கல்யாணம் நடக்கும்போது ஜனசமுத்திரம் கூடுகிற ஸ்தலம். மற்ற நாட்களில் உலகச் செய்தி அறிய வேண்டுமானால் கடைத்தெருச் சுவரைப் பார்த்தாற் போதும். எந்த நடிகர் காலமானாலும், மறுநாள் பொழுது விடிவதற்குள் 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் சுவரொட்டி ஏறிவிடும். நம்மைச் சிரிக்க வைத்தவருக்கு நாம் ஒரு துளிக் கண்ணீர் விடுவது நியாயந்தான். ஆனால் அந்தச் சுவரில் ஒரு விளையாட்டு வீரருக்கு இடம் கிடைத்து நாம் கண்டதில்லை.

2021-ம் வருஷம் சித்திரை மாதத்தில், 25 நாள் இடைவெளியில், சென்னையில் இருவர் மறைந்தனர்.

ஏப்ரல் 17-ந் தேதி மறைந்தவர் ஹாஸ்ய நடிகர் விவேக். வயது 59. மூட நம்பிக்கையையும் லஞ்சத்தையும் கேலி செய்து சிரிக்க வைத்ததனால் ஜனங்கள் அவரைச் 'சின்னக் கலைவாணர்' என்றார்கள். அப்துல் கலாமிடம் கொண்ட பக்தியால் ஒரு கோடி மரக்கன்றுகள் நடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டு, 33 லட்சத்திற்கு மேல் நட்டு முடித்திருந்தார். போலீஸ் மரியாதையுடன் அவருக்கு அந்திமக் கிரியை நடந்தது. அடுத்த வருஷமே சென்னையில் அவர் வசித்த பகுதியில் ஒரு சாலைக்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது. அவர் ஆத்மா குறைப்படக் காரணமில்லை.

மே 12-ந் தேதி மறைந்தவர் வி. சந்திரசேகர். வாசகர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியுமோ! டேபிள் டென்னிஸில் மூன்று முறை தேசிய சாம்பியன். 1982-ல் அர்ஜுனா விருது பெற்றவர். 1984-ல் முழங்காலுக்காகச் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை விபரீதமாயிற்று. கண் இமைக்கும் நேரத்தில் வருகிற பந்தைத் திருப்பி அடித்தவருக்குப் பார்வை போயிற்று, பேச்சும் போயிற்று, நடையும் போயிற்று. வேறொருவராயிருந்தால் விதியை நொந்துகொண்டு படுக்கையிலேயே காலத்தைக் கழித்திருப்பார். சந்திரசேகரோ குழந்தையைப் போல் மறுபடியும் பேசவும் நடக்கவும் பழகினார். நியாயம் கேட்டுப் பல வருஷம் வழக்காடி, நஷ்டஈடும் பெற்றார். பிறகு செய்ததுதான் பெரிய காரியம். தாம் இனி ஆட முடியாத ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்தார். 2018-ல் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் ஆடிய சத்தியன் அவரிடம் பயின்றவரே.

கொள்ளை நோய் அவரைக் கொண்டுபோன போது தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு தொடங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஊர் கூடி அழ வழியில்லை. ஊரடங்கு நீங்கிய பிறகாவது நாம் நினைத்தோமா என்பதே கேள்வி.

அதே நோய் ஜூன் 18-ந் தேதி மில்கா சிங்கையும் கொண்டுபோயிற்று. அவரை நம் ஊர்ப் பிள்ளைகளும் அறிவார்கள். 1960-ல் ரோமாபுரியில் 400 மீட்டர் ஓட்டத்தில் மயிரிழையில் பதக்கத்தை இழந்து நாலாவதாக வந்தவர் என்று ஒப்பிக்கிறார்கள். எப்படித் தெரியும் என்றால், 2013-ல் வந்த ஹிந்திப் படத்தைக் கைபேசியில் பார்த்தார்களாம்! ஓடியவரைத் தெரிந்துகொள்வதற்கும் ஒரு நடிகர் ஓடிக் காட்ட வேண்டியிருக்கிறது. நடிகர் மறைந்தாலும் அவர் படம் இரவு பகலாய் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டக்காரரின் ஆட்டமோ கண்டவர் கண்ணோடு போய்விடுகிறது. யாராவது வாய்விட்டுச் சொன்னாலொழிய அது இல்லை. நமது அரியலூர் ஜில்லாவிலிருந்து கார்த்தி செல்வம் என்ற இளைஞர் 2022-ல் இந்திய ஹாக்கிக் குழுவில் ஆடினாரே, அவரைப் போல் ஆக வேண்டுமென்று ஏங்குகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளை யார் சொல்வது? உபாத்தியாயர்களாகிய நாம்தான் சொல்ல வேண்டும். சந்திரசேகரின் நினைவு நாள் கோடை விடுமுறையில் வந்து தொலைக்கிறது; அதனால் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் ஒரு மணி நேரத்தை அவருக்கென்று ஒதுக்கினோம்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, நடுவில் புஸ்தகங்களை வரிசையாக நிறுத்தி, பரீட்சை அட்டையை மட்டையாகக் கொண்டு ஆடுகிறவர்கள். சந்திரசேகரின் கதையைச் சொல்லி முடிக்கும் வரையில் ஒருவனும் அசையவில்லை. முடிந்ததும் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "இவரைப் பற்றிப் படம் வந்திருக்கிறதா, ஸார்?" என்று கேட்டான்.

"தம் கதையைத் தாமே இங்கிலீஷில் புஸ்தகமாக எழுதியிருக்கிறார், அப்பா" என்றோம்.

"அப்படியானால் நீங்களே வாசித்துத் தமிழில் சொல்லுங்கள், ஸார்" என்றான். வெள்ளிக்கிழமைதோறும் கடைசி மணியில் வாசித்து வருகிறோம்.