அடைக்கூடையிலேயே தொடங்க வேண்டிய கோழி வைத்தியம்

புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பது, பத்துப் பதினைந்து கோழிகளைப் பகலில் தோட்டத்திலும் குப்பைமேட்டிலும் மேயவிட்டு, காலையும் மாலையும் கையளவு தானியம் இறைத்து, இரவில் மட்டும் கூட்டில் அடைக்கும் முறையாகும். நாமக்கல் வட்டாரத்துக் கூண்டுப் பண்ணைகளில் முட்டைக்கென ஓர் இனம், குஞ்சு பொரிக்கத் தனி நிலையம், குஞ்சு வளர்க்கத் தனிக் கொட்டகை என்று பிரிந்து கிடக்கும் வேலைகள் அனைத்தையும் இங்கே ஒரே பெட்டைக்கோழி செய்து முடிக்கிறது. இதனால் செலவு குறைகிறது என்பது உண்மை; ஆனால் பண்ணைக் குஞ்சு தன் தாயைப் பார்ப்பதே இல்லை என்பதால் தாயின் பேன் அதற்கு வந்து சேர வழியில்லை, புறக்கடைக் குஞ்சுக்கோ ஓட்டை உடைத்து வெளியே வந்த சில மணி நேரத்திலேயே தாயின் இறகிலிருந்து பேன் ஏறிவிடுகிறது. வளர்ந்த கோழி மெலிந்து தூங்கி வழிந்த பிறகு மருந்துக் கடைக்குப் போவதே பெரும்பாலோர் வழக்கமாக இருக்க, ஒட்டுண்ணியை எதிர்க்கும் வேலை அடை வைக்கும் நாளில் தொடங்கினால்தான் பலன் தரும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

நாட்டுக்கோழி தொடர்ச்சியாகப் பத்து முதல் பதினைந்து முட்டை வரை இட்ட பின், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் புரோலாக்டின் என்னும் இயக்குநீரின் அளவு கூடுவதால், முட்டையிடுவதை நிறுத்தி அடைக்கு உட்காருகிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, அருகில் வருவோரைக் கொத்த வந்து, 'கொர்கொர்' என்று அடித்தொண்டையில் ஒலியெழுப்பிக் கூட்டை விட்டு எழ மறுப்பது இதன் அடையாளம். வயிற்றுப் பகுதியில் இறகு உதிர்ந்து தோல் வெளித்தெரிவதும் இக்காலத்தில்தான். உடல் வெப்பம் தடையின்றி முட்டையைச் சென்றடைவதற்கான இயற்கை ஏற்பாடு அது. ஆண்டு முழுவதும் முட்டையிடும் பண்ணை இனங்களில், அடைக்கு உட்காரும் இயல்பு, பல தலைமுறைத் தேர்வினால் ஏறக்குறைய நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதிக முட்டைக்கென உருவாக்கிய கலப்பினக் கோழியை வாங்கி வைத்துக்கொண்டு, அது அடைக்கு உட்காரவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை. அதன் முட்டையைச் சிறுவிடை நாட்டுக்கோழிக்கு அடியில் வைப்பதே வழி.

அடைக்கு எடுக்கும் முட்டை, சேவலோடு திரிந்த கோழியின் முட்டையாக இருக்க வேண்டும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அளவில் மிகச் சிறியதும், நீண்டு கோணியதும், ஓடு கீறியதும் விலக்கத்தக்கவை. முட்டையிட்ட ஏழு நாட்களுக்குள் அடை வைத்துவிடுவது நல்லது என்பது பொது விதி. ஆனால் தமிழகத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் இந்த ஏழு நாளே அதிகம். சுற்றுப்புற வெப்பம் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசைத் தாண்டினால் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, முழு வெப்பம் கிடைக்காமல் மடிந்துபோகும். கோடையில் கூமுட்டை மிகுவதற்குச் சேவலைக் குறை சொல்வோர் பலர். பெரும்பாலும் குற்றம் முட்டை சேர்த்துவைத்த இடத்தினுடையது. முட்டையின் கூரிய முனை கீழே இருக்கும்படி, பானையடி மணல் போன்ற குளிர்ந்த இடத்தில் வைத்தால் இந்த இழப்பு குறையும்.

சாணம் மெழுகிய மூங்கில் கூடையில் ஆற்று மணலைப் பரப்பி, மேலே வைக்கோல் இட்டு, கரித்துண்டு, இரும்பு ஆணி, வரமிளகாய் ஆகியவற்றையும் ஓரத்தில் செருகி அடை வைப்பது பழைய வழக்கம். இடி முழக்கத்தில் கரு கலங்காதிருக்க இரும்பும் கரியும் என்று சொல்லப்படும் காரணத்துக்குச் சான்று இல்லை, வைத்தால் கெடுதலும் இல்லை. மணலுக்கு மட்டும் தெளிவான பயன் உண்டு: அது வெப்பத்தைத் தாங்கி வைத்து, தெளித்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, முட்டைகள் ஓரத்துக்கு உருண்டு ஆறிப்போகாமல் குழிவாக நிறுத்துகிறது. சாணம் மெழுகுவதும் பொருளற்ற சடங்கன்று, மூங்கில் பிளாச்சுகளுக்கு இடையிலுள்ள சந்துகளை அது அடைக்கிறது. அந்தச் சந்துகளும் வைக்கோல் தண்டின் உட்குழலும்தான் செல் எனப்படும் சிற்றுயிர் பதுங்குமிடங்கள்.

செல் என்பது பூச்சியன்று; உண்ணியின் இனத்தைச் சேர்ந்த, எட்டுக் கால்களுடைய, கண்ணுக்கு நகரும் மண்துகளாக மட்டுமே தெரியும் உயிர். இரத்தம் குடிக்காதபோது சாம்பல் நிறமாகவும் குடித்தபின் செந்நிறமாகவும் இருக்கும். அவற்றுள் ஒரு வகை பகலில் சந்துகளில் ஒளிந்து இரவில் மட்டும் கோழிமீது ஏறுகிறது. வெப்பநாடுகளில் மிகுதியாகக் காணப்படும் மற்றொரு வகை கோழியின் இறகிலும் கூட்டிலுமாக மாறிமாறி வாழ்கிறது. இரண்டுமே தக்க வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு வர ஒரு வாரத்தை ஒட்டிய காலமே எடுத்துக்கொள்கின்றன. கோழி 21 நாள் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், ஒரே அடையில் செல்லுக்கு இரண்டு மூன்று தலைமுறை கடந்துவிடுகிறது என்பது விளங்கும். முதல் வாரத்தில் யார் கண்ணிலும் படாதது, மூன்றாம் வாரத்தில் முட்டை ஓட்டின்மேல் கரும்புள்ளிகளாக ஊர்ந்து, கூடைக்குள் விட்ட கையில் ஏறி அரிப்பெடுக்கச் செய்வது இதனால்தான். பொரிக்க இரண்டு நாள் இருக்கையில் கோழி அடையை விட்டு இறங்கி ஓடுவதைக் 'கோழிக்குப் பொறுப்பில்லை' என்று சொல்வதுண்டு. இரவு முழுவதும் கடிபட்ட கோழி செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

எனவே அடை வைப்பதற்கு இரண்டு நாள் முன்பு கோழியின் இறகடி, இறக்கையின் உட்புறம், எச்சத்துவாரத்தைச் சுற்றிய பகுதி ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்து, பேன் இருந்தால் கால்நடை மருத்துவர் சொல்லும் தூளைத் தூவிவிட வேண்டும். கூடையைக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைத்துப் புதிய சாணம் மெழுக வேண்டும். வாயகன்ற மண்சட்டி கிடைத்தால் கூடையை விட அதுவே மேல், ஏனெனில் அதில் சந்தே இல்லை. குஞ்சு பொரித்த அன்றே வைக்கோலை எரித்துவிடுவது, விலை கொடுத்து வாங்கும் எந்த மருந்துக்கும் குறையாத வைத்தியம். அந்த வைக்கோலை அடுத்த அடைக்கு எடுத்து வைப்பவர், செல்லையும் சேர்த்தே எடுத்து வைக்கிறார்.

ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் விளக்கின் வாயில் வைத்துப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் செந்நிற நரம்புகள் பரவியிருப்பது தெரியும். தெளிவாக ஒளி ஊடுருவுவது கருக் கூடாத முட்டை, ஒற்றைச் சிவப்பு வளையம் தெரிவது கரு இறந்த முட்டை. இவற்றை அப்போதே அகற்றிவிட்டால், அழுகி வெடித்து மற்றவற்றைக் கெடுக்கும் ஆபத்து இல்லை. இன்குபேட்டர் வைத்திருப்போர் 37.5 டிகிரி வெப்பத்தைக் காத்து, நாளுக்குச் சில முறை முட்டையைத் திருப்பி, 18ஆம் நாளுக்குப் பின் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். தாய்க்கோழிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலகு நுனியிலுள்ள சிறு கூர்முனையால் ஓட்டில் முதல் துளை இட்ட பிறகு குஞ்சு முழுதாக வெளிவர அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். மஞ்சள் கருவின் எஞ்சிய பகுதியும் ஓட்டின் உட்புறத்து நாளங்களில் உள்ள இரத்தமும் குஞ்சின் உடலுக்குள் ஏறும் நேரம் அது. பொறுமையிழந்து ஓட்டை உரித்துவிடுவோர் பல குஞ்சுகளை இரத்தம் கசியவிட்டே இழக்கிறார்கள்.

அந்த மஞ்சள் கருவின் பலத்தில் குஞ்சு இரண்டு நாள் தீனியின்றித் தாங்கும், ஆனால் குளிரைத் தாங்காது. தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லையென்றாலும் குஞ்சுகளே அளவு சொல்லிவிடும்: விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு விலகி வாய் பிளந்தால் சூடு மிகுதி, பரவலாக மேய்ந்தால் சரி. தாயோடு இருக்கும் குஞ்சுகளுக்குப் பருந்தும் காகமும் கீரியும் பூனையுமே முதல் எதிரிகள் என்பதால், முதல் சில வாரங்களாவது மூங்கில் பஞ்சாரத்துக்குள் வைத்துப் பாதுகாப்பது அவசியம். புரதத்துக்குக் கரையானை விட மலிவான தீனி இல்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு ஆகியவற்றை அடைத்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், விடியற்காலையில் பானையின் உட்புறம் கரையான் மொய்த்திருக்கும். அதைக் குஞ்சுகளின் நடுவே தட்டிவிட்டால் சில நிமிடங்களில் ஒன்றும் மிஞ்சாது.

மூன்று முதல் ஆறு வார வயதில் குஞ்சுகள் இறக்கை தொங்கி, கண் மூடி நின்று, எச்சத்தில் இரத்தம் கலந்து போனால் அது இரத்தக்கழிச்சல். ஐமீரியா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி குடலின் உட்சுவரைத் துளைத்துப் பெருகுவதால் வரும் நோய் இது. எச்சத்தோடு வெளியேறும் இதன் கருமுட்டை உடனே நோயைத் தருவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்து ஓரிரு நாள் முதிர்ந்த பின்பே தருகிறது. ஆகவே மழைக்காலத்தில், தண்ணீர்த் தட்டு சிந்தி நனைந்த உமிப்படுகை கொண்ட கூட்டில் இது பரவும். தட்டைச் செங்கல்மேல் உயர்த்தி வைத்து உமியை அன்றாடம் கிளறி உலர்த்தும் கூட்டில் பெரிதும் தலைகாட்டாது. இதற்குத் தரப்படும் ஆம்ப்ரோலியம் என்னும் மருந்து, உருவில் வைட்டமின் பி1ஐ ஒத்திருந்து, அந்தச் சத்தை ஒட்டுண்ணிக்குக் கிடைக்காமல் தடுப்பதன் மூலமே வேலை செய்கிறது. குஞ்சு தேறட்டும் என்று அதே தண்ணீரில் வைட்டமின் டானிக்கையும் ஊற்றுவோர், ஒரு கையால் கொடுத்த மருந்தை மறு கையால் முறித்துவிடுகிறார்கள்.

வளர்ந்த கோழியின் புற ஒட்டுண்ணிகளுள் பேன் முழு வாழ்நாளையும் கோழியின் உடலிலேயே கழிக்கிறது. உடலை விட்டு விழுந்தால் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். ஆனால் இறகின் அடித்தண்டில் கொத்தாக ஒட்டியிருக்கும் அதன் ஈருக்குள் தூள் மருந்து புகாது என்பதால், பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுமுறை தூவாவிட்டால் முதல் முறை தூவியதும் வீண். உண்ணியின் கதை நேர்மாறானது. தோல்போன்ற தட்டை உடலுடைய கோழி உண்ணி இரவில் ஒரு மணி நேரம் இரத்தம் குடித்துவிட்டுச் சுவர்ப் பிளவுக்குத் திரும்பிவிடும். உணவின்றி ஓராண்டுக்கு மேலும் அங்கே உயிரோடிருக்கும். காய்ச்சலையும் பச்சைக் கழிச்சலையும் உண்டாக்கும் சுருள் நுண்ணுயிரைக் கோழிக்குக் கோழி கடத்தும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்து உண்ணி இல்லை என்று முடிவு செய்வது தவறு. கூட்டின் பிளவுகளைச் சுண்ணாம்பும் சிமெண்டும் கொண்டு பூசி அடைப்பதும், மரச்சட்டங்களின் மூலைகளில் தீச்சுவாலை காட்டுவதுமே இதற்கான வைத்தியம். கோழிகள் அப்போது வெளியே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கரும்புள்ளிகளாகக் கொத்தாக ஒட்டி நிற்பது தெள்ளு. கால் செதில்கள் தூக்கிச் சுண்ணாம்பு படிந்ததுபோல் தடித்தால், செதிலுக்கு அடியில் வேறொரு வகைச் செல் துளையிட்டிருக்கிறது என்று பொருள். காலை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, வேப்பெண்ணெய் போன்ற எண்ணெயைத் தொடர்ந்து பூசினால் அது மூச்சடைத்துச் சாகும்.

கோழிக்குத் தன் உடலைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி மண்குளியல். நிழலில் ஆழமற்ற குழி தோண்டி, உலர்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் அவை தாமே வந்து புரண்டு, பேனின் உடல்மேல் உள்ள மெழுகுப் படலத்தைத் தேய்த்து உலர்த்திவிடும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலக்கிக் கோழியை முக்கி எடுக்கும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. அது பேனோடு கோழியையும் கொல்லக்கூடியது, மிஞ்சிய நஞ்சு முட்டை வழியே வீட்டாரின் வயிற்றுக்கும் வரக்கூடியது.

குடற்புழுக்களில் வட்டப்புழுவின் முட்டை மண்ணில் இரண்டு வாரம் போலக் கிடந்து முதிர்ந்து, கோழி கொத்தும்போது நேராக உள்ளே போகிறது. நாடாப்புழு எறும்பு, வண்டு, ஈ ஆகியவற்றின் வழியாகவும், கண்ணிமைக்கடியில் வாழும் கண்புழு கரப்பான்பூச்சி வழியாகவும் வருகின்றன. மேய்ச்சல் கோழிக்கு இவற்றைத் தின்பதே பிழைப்பு என்பதால் முழுத் தடுப்பு இயலாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழுநீக்க மருந்து கொடுப்பதே நடைமுறை. வட்டப்புழுவை வெளியேற்றும் பைப்பரசின் நாடாப்புழுவை அசைப்பதில்லையாதலால், அரிசிமணி போன்ற வெண்துண்டுகள் எச்சத்தில் தெரிந்தால் அதைச் சொல்லியே மருந்து கேட்க வேண்டும். எத்தனை நாளைக்கு முட்டையைத் தின்னக்கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புழு நீக்கத்தின் காலத்தைத் தீர்மானிப்பது, ஒட்டுண்ணியால் அன்றி வைரசால் வரும் வெள்ளைக்கழிச்சல் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரை ஒட்டி அடையாளம் காணப்பட்டு, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவோன் மலையூரான ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் ராணிக்கேத் நோய் என்றே வழங்கும் இது, தடுப்பூசி போடாத ஒரு தெருக் கோழிகளைச் சில நாட்களில் துடைத்தெடுக்க வல்லது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசியும் இதற்குத் தடுப்பு. புழு மலிந்து மெலிந்த கோழியின் உடல் தடுப்பூசிக்குத் தக்க எதிர்ப்பாற்றலை உருவாக்காது என்பதால், ஒரு வாரம் முன்பே புழுநீக்கம் முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறையின் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் பெரும்பாலும் பொங்கலையொட்டியும் அதற்குப் பின்னும் வரும் வாரங்களில் நடைபெறுவதால், மார்கழிக் கடைசியிலேயே புழு மருந்தைக் கொடுத்து வைப்பது வசதி.